முப்பத்துமூன்று ஆண்டு பனியில் கிடந்த படச்சுருள்

வடதுருவத்தை நாடிச் சென்றோரின் வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைக்கும்போது நாம் ஒரு நிழற்படத்தைக் காட்டுவது வழக்கம். எல்லையற்ற பனிவெளி. அதன் நடுவே மிகப் பெரிய பலூனொன்று ஒருபுறமாகச் சாய்ந்து கிடக்கின்றது. இருவர் அதனைப் பார்த்தபடி நிற்கின்றனர். வானம் எங்கே முடிகின்றது, பனி எங்கே தொடங்குகின்றது என்று காண இயலாதவாறு படம் முழுவதும் புள்ளிகளும் கறைகளும் படிந்துள்ளன. அதனைக் காண்போர், நிற்பவர் யாவர், எந்நாட்டினர், எங்கே போகப் புறப்பட்டனர் என்பனவற்றையே முதலில் வினவுவர். ஒருமுறை பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி வேறொரு வினாவைத் தொடுத்தாள். "சேர், போனவர்கள் மூன்று பேர் என்று சொன்னீர்கள். இதில் இரண்டு பேர்தான் நிற்கிறார்கள். படம் எடுத்தவர் எங்கே? மூன்று பேரும் செத்துப் போனார்கள் என்றால் இந்தப் படம் எப்படி எங்களிடம் வந்தது?"

பாடநூல்கள் பெரும்பாலும் கேளாத வினா இது. படத்தில் நிற்பவரைப் பற்றிப் பேசும் வரலாறு, படத்தை எடுத்தவனையும், கண்டெடுத்தவனையும், இருட்டறையில் நின்று கழுவியவனையும், இவை அனைத்துக்கும் பணம் கொடுத்தவனையும் பற்றி அதிகம் பேசுவதில்லை. அம்மாணவியின் வினாவுக்கு அன்று வகுப்பறையில் நாம் சுருக்கமாகவே விடை கூற முடிந்தது. அதனைச் சற்று விரித்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் வடதுருவம் ஐரோப்பிய நாடுகளின் கௌரவப் போட்டிக்குரிய களமாக விளங்கிற்று. அக்காலத்தில் சுவீடனும் நோர்வேயும் ஒரே மன்னனின் கீழ் இணைந்திருந்தன. 1905ஆம் ஆண்டிலேதான் அவ்விணைப்பு அறுந்தது. நோர்வேயினரான நான்சென் தமது கப்பலைப் பனியில் உறையவிட்டு மூன்றாண்டுகள் துருவப் பிரதேசத்தில் கழித்து 1896இல் புகழுடன் மீண்டார். இளைய பங்காளியான நோர்வே பெயர் பெறுகையில் மூத்த பங்காளியான சுவீடன் வாளாவிருத்தல் இயலுமோ? இத்தகைய மனநிலை நிலவிய நாட்டில், ஸ்ரொக்ஹோம் நகரின் காப்புரிமை அலுவலகத்தில் பொறியியலாளராகப் பணியாற்றிய சாலமன் ஓகஸ்ட் அன்ட்ரே என்பார், பலூனில் ஏறித் துருவத்தைக் கடக்கும் திட்டமொன்றை 1895இல் விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார். பனிமேல் நடந்து மாதக்கணக்கில் வருந்த வேண்டியதில்லை. காற்றே சில நாள்களிற் கொண்டுசெல்லும் என்றார். நிலத்தைத் தொட்டு இழுபடும் நீண்ட கயிறுகளாலும் பாய்களாலும் பலூனின் திசையை ஓரளவு திருப்பலாம் என்பது அவரது கோட்பாடு.

பணம் விரைவிலே திரண்டது. மன்னர் இரண்டாம் ஒஸ்கார் கொடுத்தார். டைனமைற்று வெடிமருந்தாற் பெருஞ்செல்வம் திரட்டிய அல்பிரட் நோபெல் கொடுத்தார். பெருவணிகரான ஒஸ்கார் டிக்சன் கொடுத்தார். செய்தித்தாள்கள் புறப்படாத பயணத்தையே வெற்றியாக்கிக் கொண்டாடின. பலூன் பாரிஸ் நகரிலுள்ள லசாம்பிறின் பட்டறையிலே பட்டுத்துணியால் ஆக்கப்பட்டது. அதன் விட்டம் ஏறத்தாழ 20 மீற்றர். துண்டு துண்டாகப் பட்டினை இணைத்துத் தைத்த தொழிலாளரின் ஊசித் துளைகள் மட்டும் எண்பது இலட்சம் வரை இருந்தன. துளைகளின்மேல் பட்டு நாடா ஒட்டி அரக்குப் பூசியும் ஐதரசன் வாயு கசிந்துகொண்டே இருந்தது. வாயுவுள் மிக இலேசானது ஐதரசன்; அஃது ஊசித் துளையை மதிப்பதில்லை.

1896இல் நடந்த முதன்முயற்சி எதிர்க்காற்றினால் கைவிடப்பட்டது. அக்குழுவில் ஒருவராக இருந்த வானிலை அறிஞர் நில்ஸ் எக்ஹோம் கசிவைத் தாமே அளந்து பார்த்தார். முப்பது நாள் வானில் நிற்கும் என அன்ட்ரே கூறிய பலூன் பதினேழு நாளுக்கு மேல் நில்லாது என்பது அவர் கண்ட முடிபு. பலூனை மாற்றுமாறு கேட்டார், அன்ட்ரே இணங்கவில்லை. அதற்கும் மேலாக, கசிவை மறைக்கும் பொருட்டு அன்ட்ரே இரகசியமாக மேலும் ஐதரசன் நிரப்புவித்தார் என்பதும் எக்ஹோமுக்குத் தெரியவந்தது. அவர் விலகிக்கொண்டார்.

அன்ட்ரே பேராசைக்காரர் என்றோ ஏமாற்றுக்காரர் என்றோ கூறி இவ்விடயத்தை முடித்துவிடுதல் எளிது. ஆயின் அவர் நின்ற நிலையைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மன்னரின் பணம் செலவாகிவிட்டது. ஒருமுறை வெறுங்கையோடு திரும்பியாயிற்று. மக்கள் திரளின் ஆரவாரம் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. "பலூன் கசிகின்றது, போக முடியாது" என்று ஒரு பொறியியலாளன் உரைக்க வேண்டிய உண்மையை உரைப்பதற்கு அவரைச் சூழ்ந்திருந்த சமுதாயம் இடம் வைக்கவில்லை. வீரன் என்ற பட்டம் முற்கூட்டியே சூட்டப்பட்டால் அதனைச் சுமந்துகொண்டு சாவைத் தேடிப் போவதன்றி வேறு வழி இல்லாமற் போய்விடுகின்றது. 1967இல் சுவீடிய எழுத்தாளர் பேர் ஒலொப் சுண்ட்மன் இப்பயணத்தைப் பற்றி எழுதிய நாவல் பெரிதும் இந்த உண்மையையே ஆராய்கின்றது.

எக்ஹோமின் இடத்துக்கு நுட் பிரெங்கெல் என்ற இளம் பொறியியலாளர் வந்து சேர்ந்தார். மற்றொருவர் நில்ஸ் ஸ்ரிண்ட்பேர்க். பௌதிகம் கற்றவர்; நிழற்படக் கலையில் தேர்ந்தவர்; நாடகாசிரியர் ஓகஸ்ட் ஸ்ரிண்ட்பேர்க்கின் உறவினர்; அன்னா சார்லியே என்ற பெண்ணுக்கு மண உறுதி செய்யப்பட்டவர். வானிலிருந்து துருவப் பிரதேசத்தைப் படமெடுத்து வரைபடம் ஆக்குவது அவருக்குரிய பணி. அதற்கென 13க்கு 18 சென்ரிமீற்றர் அளவுடைய படங்களை எடுக்கும் பாரமான கமரா ஒன்றை அவர் எடுத்துச் சென்றார். நம் மாணவி தேடிய மூன்றாமவர் இவரே.

1897 யூலை 11ஆம் நாள் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலிருந்து 'கழுகு' எனப் பெயரிய பலூன் மேலெழுந்தது. எழுந்த சில நிமிடங்களிலேயே திசைதிருப்பும் கயிறுகளின் பெரும்பகுதி முறுக்கவிழ்ந்து கழன்று விழுந்தது. கோட்பாடு கடற்கரையிலேயே கிடக்கப் பலூன் காற்றின் கைப்பொருளாயிற்று. பத்தரை மணி நேரம் அது தடையின்றிப் பறந்தது. அதன்பின் மூடுபனி பட்டின்மேல் உறைந்து பாரமேற்ற, மேலும் நாற்பத்தொரு மணி நேரம் பனியில் மோதி மோதி இழுபட்டு, யூலை 14ஆம் நாள் வட அகலக்கோடு 83 பாகையை அணுகிய ஓரிடத்தில் நின்றுவிட்டது. அவர்கள் பறக்கவிட்ட தூதுப்புறாக்களுள் ஒன்றின் செய்தி மட்டுமே மனிதர் கையை அடைந்தது. யூலை 13ஆம் நாள் எழுதப்பட்ட அச்செய்தியில் யாவரும் நலம் என்றிருந்தது. உலகம் அதனைப் படித்து மகிழ்ந்தபோது பலூன் பனியிலே வீழ்ந்து கிடந்தது.

வானிலிருந்து படமெடுக்கக் கொண்டுவந்த கமராவை ஸ்ரிண்ட்பேர்க் பனிமேல் நிறுத்தினார். வரைபடம் ஆக்குதல் என்ற நோக்கம் போய்விட்டது. நடந்ததைப் பதிவுசெய்தல் என்ற கடமை எஞ்சியிருந்தது. வீழ்ந்த பலூனையும் அதனைப் பார்த்து நிற்கும் தோழர் இருவரையும் அவர் அப்போதே படமெடுத்தார்.

அதன்பின் இரண்டரை மாதங்களுக்கு மேலாக அவர்கள் பனிமேல் அலைந்தனர். ஆளுக்கொரு சறுக்குவண்டியில் ஏறத்தாழ 200 கிலோகிராம் பாரம். நாய்கள் இல்லை, தாமே இழுத்தனர். முதலிற் கிழக்கு நோக்கி நடந்தனர். காலடியிலிருந்த பனியோ கடல் நீரோட்டத்தோடு அவர்களை எதிர்ப்புறம் கொண்டுசென்றது. ஓகஸ்ட் 4ஆம் நாள் திசையை மாற்றினர், பயனில்லை. துருவக் கரடிகளைச் சுட்டு உண்டனர். செப்ரெம்பர் 18ஆம் நாள், மன்னர் ஒஸ்கார் அரியணையேறி இருபத்தைந்து ஆண்டு நிறைவெய்தியதை மிதக்கும் பனிப்பாறையொன்றின்மேல் கொடியேற்றி, வைன் அருந்தி, நாட்டுப்பண் பாடிக் கொண்டாடினர் என நாட்குறிப்புக் கூறுகின்றது. உண்ண நல்ல உணவின்றி, திரும்பும் வழியறியாது, காலடியில் உருகும் பனிமேல் நின்றுகொண்டு மன்னரின் விழாவைக் கொண்டாடிய அம்மூவரைப் பார்த்து நாம் நகைத்தல் தகாது. அவர்களை அங்கே அனுப்பிய உணர்வு எத்துணை ஆழமாக அவர்களுள் ஊறியிருந்தது என்பதையே அக்காட்சி உணர்த்துகின்றது. இவற்றுக்கிடையேயும் ஸ்ரிண்ட்பேர்க் படமெடுத்துக்கொண்டே இருந்தார். ஒக்ரோபர் 5ஆம் நாள் 'வெள்ளைத் தீவு' எனப் பொருள்படும் க்வித்தோயா என்னும் சிறுதீவிற் கரையேறினர். சில நாள்களிலேயே நாட்குறிப்பு நின்றுபோயிற்று. முதலில் இறந்தவர் ஸ்ரிண்ட்பேர்க். அவரது உடலை மற்ற இருவரும் பாறைப் பிளவொன்றில் வைத்துக் கல்லடுக்கி மூடினர். அவ்விருவருக்கு அத்தொண்டு செய்ய எவரும் எஞ்சவில்லை.

முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன. இக்காலம் முழுவதும் அன்ட்ரே ஒரு புதிராகவும் பழங்கதையாகவும் சுவீடனில் உலவினார். கதைக்குச் சான்று தேவையில்லை. எனவே அஃது ஆண்டுக்காண்டு அழகு பெற்றது. 1930ஆம் ஆண்டுக் கோடையில் பனி வழக்கத்துக்கு மாறாக விலகியிருந்தமையால், நோர்வேயிலிருந்து வேட்டைக்கும் ஆய்வுக்குமாகச் சென்ற 'பிராத்வோக்' என்ற கப்பல் க்வித்தோயாவை நெருங்க முடிந்தது. ஓகஸ்ட் 6ஆம் நாள் வால்ரஸ் வேட்டையில் ஈடுபட்ட மாலுமிகளான ஒலாவ் சாலன், கார்ல் துஸ்விக் என்ற இருவர் குடிநீர் தேடிக் கரையில் நடந்தனர். பனிக்கிடையே ஓர் அலுமினிய மூடி அவர்கள் கண்ணிற் பட்டது. கப்பலில் ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் குன்னார் ஹோர்ன். இன்றும் பல நூல்கள் 'ஹோர்ன் கண்டுபிடித்தார்' என்றே எழுதுகின்றன. மன்னரின் பொன்னும் நோபெலின் செல்வமும் அனுப்பியவரைக் கண்டெடுத்தவர்கள், கூலிக்கு வேட்டையாடும் தாகமெடுத்த இரு தொழிலாளரே என்பதை நம் மாணவர் குறித்துக்கொள்வது நன்று.

செய்தி பரவிற்று. செப்ரெம்பரில் 'இஸ்பியோர்ன்' என்ற மற்றொரு கப்பலை வாடகைக்கமர்த்திச் செய்தியாளர் நுட் ஸ்துப்பென்டோர்ப் அங்கே சென்றார். பனி மேலும் உருகியிருந்தமையால், முன்னையோர் காணாத பிரெங்கெலின் உடலையும் பல குறிப்பேடுகளையும் அவர் எடுத்தார். அவற்றோடு தகரப் பெட்டியொன்றில் ஸ்ரிண்ட்பேர்க்கின் பிலிம் சுருள்களும் கிடைத்தன. ஒளிபட்ட பிலிம், ஆனால் கழுவப்படாதது.

இவ்விடத்தில் வரலாற்றை நிறுத்திவைத்துச் சற்றே இரசாயனத்தை நோக்குதல் வேண்டும். கைத்தொலைபேசியிற் படமெடுத்த கணத்திலேயே அதனைக் கண்டுவிடும் இக்காலத்து மாணவர்க்கு, எடுத்த படம் கண்ணுக்குப் புலப்படாமல் முப்பது ஆண்டுகள் காத்திருத்தல் கூடும் என்பது வியப்பாகத் தோன்றலாம்.

கறுப்புவெள்ளை பிலிம் என்பது, ஒளிபுகும் மெல்லிய நாடாவொன்றின்மேல் ஜெலற்றின் பூசி, அதனுள்ளே வெள்ளி புரோமைட்டு முதலிய உப்புகளின் நுண்பளிங்குகளைப் பரப்பியதாகும். கமராவின் கண் திறந்து மூடும் நொடியில் ஒளி படும் பளிங்குகளில் ஒருசில வெள்ளி அணுக்கள் மட்டும் விடுபட்டு ஒன்றுசேர்கின்றன. அம்மாற்றத்தை எக்கண்ணாலும் காண முடியாது. எனினும் படம் அங்கே இருக்கின்றது. இதனை மறைபடம் எனலாம். பின்னர் இருட்டறையில், உருத்துலக்கும் கரைசலில் பிலிமை இடும்போது, அந்த ஒருசில அணுக்களைக் கொண்ட பளிங்குகள் முழுவதும் கரிய வெள்ளியாக மாறுகின்றன. ஒளி படாதவை மாறாது நிற்கின்றன. ஹைப்போக் கரைசல் எஞ்சிய உப்பைக் கரைத்து அகற்றிவிடப் படம் நிலைபெறுகின்றது. ஒளி எழுதிய சிற்றெழுத்தைக் கோடிக்கணக்கான மடங்கு பெருக்கி வாசித்துக் காட்டுவதே பிலிம் கழுவுதல் என்னும் தொழில்.

பிலிம் பெட்டியின் பக்கத்தில் ஒரு திகதி அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அத்திகதிக்குப் பின் என்ன நேருகின்றது? வெப்பமும் இயற்கையில் எங்கும் நிறைந்துள்ள கதிர்வீச்சும், ஒளி படாத பளிங்குகளையும் மெல்ல மெல்ல ஒளிபட்டவை போன்று ஆக்கிவிடுகின்றன. கழுவும்போது அவையும் கறுத்துப் படம் முழுவதிலும் மூடுபனி போன்றதொரு சாம்பற்றிரை படர்கின்றது. மறுபுறத்தில் ஈரமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் உண்மையாகவே ஒளிபட்ட பளிங்குகளின் வெள்ளி அணுக்களை அரித்து மறைபடத்தை நலிவிக்கின்றன. பொய்ச் சாட்சி பெருகுகின்றது. மெய்ச் சாட்சி மெலிகின்றது. கூருணர்வு மிக்க பிலிம் விரைவிலும், குறைந்தது மெதுவாகவும் கெடும். குளிர் இவ்விரு மாற்றத்தையும் தாமதப்படுத்தும்; வெக்கையும் ஈரமும் சேர்ந்த நம்மூர்க் காலநிலை விரைவுபடுத்தும். படப்பிடிப்பாளர் பிலிமைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதன் காரணம் இதுவே.

காலங்கடந்த பிலிமை இன்றும் ஆர்வத்தோடு தேடிப் பயன்படுத்துவோர் பல நாடுகளில் உள்ளனர். கடந்துபோன ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒளியை ஒரு மடங்கு கூட்டிக் கொடுத்தல் வேண்டும் என்பது அவர்கள் கைக்கொள்ளும் பொதுவிதி. திரையைக் குறைக்கக் கரைசலிற் சிறிது பொற்றாசியம் புரோமைட்டைச் சேர்ப்பதும் உண்டு. ஆயின் இரண்டு நிலைமைகளை வேறுபடுத்தி அறிதல் அவசியம். பழைய பிலிமில் இன்று படமெடுப்பவர் ஒளியைக் கூட்டலாம். தவறினால் மற்றொரு சுருளைத் தேடலாம். அன்று எடுத்த படத்தை இன்று கழுவுபவரோ ஒளியை ஓர் இம்மியேனும் கூட்ட முடியாது. ஒளி பட்டது 1897இல், பட்டது பட்டதுதான். அவர் கையில் இருப்பது கரைசலும், நேரமும், பொறுமையுமே. தவறினால் இன்னொரு முறை இல்லை.

இப்பொறுப்பு ஸ்ரொக்ஹோம் நகர அரச தொழில்நுட்பக் கழகத்தில் நிழற்படக் கலை கற்பித்த ஜோன் ஹேர்ட்ஸ்பெர்க்கின் கையில் வந்து சேர்ந்தது. வீயன்னாவிற் படப்பிடிப்பாளராகத் தொழில் செய்து பின்னர் ஆசிரியரானவர் அவர். அவர்முன் வைக்கப்பட்ட பிலிம், எளிதில் எரிந்தும் சிதைந்தும் போகும் நைத்திரோசெலுலோசு நாடாவாலானது. முப்பத்துமூன்று கோடைகளில் உருகிய நீர் அதனுட் புகுந்திருந்தது. முப்பத்துமூன்று மாரிகளில் உறைந்திருந்தது. நனைந்த ஜெலற்றின் விரல் பட்டாற் பெயர்ந்துவிடும். எனினும் அதே குளிர்தான் மறைபடத்தைக் காத்தும் வைத்திருந்தது. வெப்ப நாடொன்றில் அச்சுருள்கள் கிடந்திருப்பின் சில ஆண்டுகளிலேயே வெறும் பூஞ்சணமாகியிருக்கும். 240 அளவிலான படங்களுள் 93ஐ ஹேர்ட்ஸ்பெர்க் மீட்டெடுத்தார்.

இருட்டறையின் மங்கிய சூழலில், தட்டிலுள்ள கரைசலின் அடியிலிருந்து முதலில் ஒரு கருமை, பின் ஒரு விளிம்பு, பின் ஒரு மனித வடிவம் எழுவதைக் கண்ட அந்த ஆசிரியரின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம். ஒளி அவ்வுருவங்களைத் தொட்டபோது ஸ்ரிண்ட்பேர்க்குக்கு வயது இருபத்துநான்கு. அவை வெளிப்பட்டபோது அவர் எலும்பாகிவிட்டார். அவருக்காகப் பல்லாண்டு காத்திருந்த அன்னா சார்லியே வேறொருவரை மணந்து நடுவயதைக் கடந்திருந்தார்.

சரி, இப்படங்கள் கூறியது என்ன? பழங்கதையிற் கம்பீரமாக வானில் மறைந்த பலூன், படத்திற் பக்கவாட்டில் சரிந்து கிடக்கின்றது. வெற்றிக் கொடியை நாட்டவேண்டிய வீரர், பனித்திட்டின்மேல் வண்டியை ஏற்ற முடியாமல் உடல் வளைந்து தள்ளுகின்றனர். சுட்டு வீழ்த்திய கரடியின் அருகே துப்பாக்கியுடன் நிற்பவரின் உடையைப் பாருங்கள்: துருவப் பனிக்கேற்ற தோலாடை அன்று. பலூனில் ஏறித் துருவத்தைக் கடந்து நகர விருந்தொன்றுக்குச் செல்லப் புறப்பட்டவர்களின் ஏற்பாடுகளையே அப்பொருள்கள் நினைவூட்டுகின்றன. மன்னரையும் செல்வரையும் பத்திரிகைகளையும் திருப்திப்படுத்தப் போடப்பட்ட கணக்கு எங்கே பிழைத்தது என்பதை நாட்குறிப்பின் சொற்களைவிட இப்படங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. நாட்குறிப்பை எழுதுபவன், பின்னொரு நாள் அதனை நாடு படிக்கும் என்பதை எண்ணியே எழுதுகின்றான். கமராவுக்கு முன் நிற்பவனும் ஓரளவு நடிக்கலாம். ஆனால் சரிந்த பலூனை நிமிர்ந்து நிற்குமாறு நடிக்கச் செய்ய முடியாது.

எனினும் உண்மை வெளிப்பட்ட மாத்திரத்தே மனிதர் அதனை ஏற்றுக்கொள்வர் என்று நம்புதல் பேதைமை. 1897இல் அவர்களை வடக்கே கொண்டுசென்ற அதே போர்க்கப்பலில், க்வித்தோயாவிற் கரையேறியதற்குச் சரியாக முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1930 ஒக்ரோபர் 5ஆம் நாள் மூவரின் உடல்களும் ஸ்ரொக்ஹோமுக்குக் கொண்டுவரப்பட்டன. மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் நேரில் வரவேற்றார். மணிகள் ஒலித்தன, வீதியெங்கும் மக்கள் திரண்டனர். அதே ஆண்டில் நாட்குறிப்புகளும் படங்களும் நூலாக வெளியிடப்பட்டுப் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டன. சரிந்த பலூனின் படம் அப்போதும் கண்முன் இருந்தது. ஆயினும் அது வீரத் தியாகத்தின் சின்னமாகவே வாசிக்கப்பட்டது. எக்ஹோமின் அளவீடு, ஊசித் துளை, மறைத்து நிரப்பிய ஐதரசன் ஆகியவற்றோடு அப்படத்தைச் சேர்த்து வாசிக்க மேலும் ஒரு தலைமுறை வேண்டியிருந்தது. பிலிமைக் கழுவியது ஹேர்ட்ஸ்பெர்க் என்ற ஒருவர். படத்தை வாசிக்கக் கற்றதோ ஒரு சமுதாயம் மெல்ல மெல்லச் செய்த வேலை.

மீளாத படங்களையும் மறத்தலாகாது. கறையன்றி வேறெதுவும் தெரியாத சட்டங்களும் அச்சுருள்களில் உள்ளன. டென்மார்க்கைச் சேர்ந்த கலைஞர் யோகிம் கோஸ்தர் 2005இல் அக்கறைகளையே பொருளாகக் கொண்டு ஒரு படைப்பை ஆக்கினார். எவை பனி, எவை சிதைவு என்று பிரித்தறிய இயலாத அப்புள்ளிகள், சான்று என்பது முழுமையாக நமக்குக் கிட்டுவதில்லை என்பதை உணர்த்துவன. மூவரும் எதனால் இறந்தனர் என்பதில் இன்றளவும் கருத்தொற்றுமை இல்லை. உணவும் வெடிமருந்தும் அவர்கள் கூடாரத்தருகே எஞ்சியிருந்தன. கரடியிறைச்சியிலிருந்த புழுவே காரணம் என 1952இல் டென்மார்க் மருத்துவர் எர்ன்ஸ்ட் திரூட எழுதினார். குளிரும் களைப்புமே என்பர் வேறு சிலர். கறைபடிந்த சட்டத்தில் இல்லாத முகத்தை வரைந்து சேர்ப்பது வரலாற்றாசிரியன் வேலையன்று.

இனி, இக்கதையிலிருந்து நாம் கேட்க வேண்டிய கடைசி வினா ஒன்றுண்டு. அன்ட்ரேயின் சுருள்கள் மீண்டன என்றால், ஒரு நாட்டின் கௌரவம் அவற்றோடு பிணைந்திருந்தது. கப்பல் சென்றது, பத்திரிகை பணம் கொடுத்தது, கழகத்தின் இருட்டறை திறந்தது. பெயரற்றவர் எடுத்த சுருள்களின் கதி யாது? அமெரிக்காவின் சிக்காகோவில் விவியன் மையர் என்ற பெண் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் செல்வர் வீடுகளிற் குழந்தை பார்க்கும் வேலை செய்தார். ஓய்வு நேரத்தில் கமராவுடன் தெருக்களில் நடந்து, உழைப்போரையும் வறியோரையும் சிறுவரையும் படமெடுத்தார். எடுத்த படங்கள் இலட்சத்துக்கு மேல். அவற்றுட் பலவற்றை அவர் தாமே ஒருபோதும் கண்டதில்லை; நூற்றுக்கணக்கான சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன. 2007இல், பொருள்களை வைத்திருந்த அறைக்கு வாடகை செலுத்த முடியாமையால் அவை ஏலத்தில் விற்கப்பட்டன. 2009இல் அவர் இறந்தார். வாங்கியோர் பின்னர் சுருள்களைக் கழுவி உலகுக்குக் காட்டியபோது, இருபதாம் நூற்றாண்டின் சிறந்த படப்பிடிப்பாளருள் ஒருவர் எனப் போற்றப்பட்டார். புகழும் பணமும் வந்தன. வந்தபோது உழைத்தவர் இல்லை.

அன்ட்ரேயின் பிலிமும் அந்தப் பணிப்பெண்ணின் பிலிமும் ஒரே வெள்ளி உப்பினால் ஆனவை. ஒளி மன்னனின் நண்பனென்றும் வேலைக்காரியென்றும் பார்த்து விழுவதில்லை. ஆனால் எந்தச் சுருள் தேடப்படும், எது ஏலத்திற் போகும், எது குப்பையிற் சேரும் என்பவற்றை வெள்ளி உப்பு தீர்மானிப்பதில்லை, சமுதாயமே தீர்மானிக்கின்றது.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிலொரு பணி உண்டு. பாடநூலில் ஒரு படத்தைக் காட்டும்போது, அதில் நிற்பவர் யார் என்பதோடு நிறுத்திவிடலாகாது. எடுத்தவர் யார், எந்த நோக்கத்துக்காக, யாருடைய பணத்தில், யார் கையாற் காப்பாற்றப்பட்டு நம்மிடம் வந்தது என்றும் கேட்க மாணவரைப் பழக்குதல் வேண்டும். வீட்டுப் பெட்டிகளில் கழுவப்படாத பழஞ்சுருள் ஏதும் இருப்பின், காலங்கடந்தது என்று எறிந்துவிடாமல், ஈரமும் வெப்பமும் அணுகாதவாறு வைத்து, தொழில் அறிந்தவர் கையிற் கொடுக்கச் சொல்லுதல் வேண்டும். சுருளிலிருந்து வெளிப்படுவது ஒரு மூடுபனித் திரை மட்டுமாக இருக்கலாம். அல்லது எவரும் எழுதி வைக்காத ஒரு வயற்காட்சி, ஒரு வேலைநிறுத்த ஊர்வலம், பெயர் மறந்துபோன ஒருத்தியின் முகமாக இருக்கலாம். கழுவிப் பார்க்கும்வரை இரண்டில் எதுவென்று கூற எவராலும் இயலாது.

அன்று வகுப்பு முடிந்தபின் அம்மாணவி படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "அப்ப, பனியில் நிழல் ஏதும் விழுந்திருந்தால் அவரும் இதில் இருந்திருப்பார்" என்றாள். மூடுபனி நிறைந்த நாளில் நிழல் விழுவதில்லை. ஆயினும் தேட வேண்டியவரைத் தேட அவள் தொடங்கிவிட்டாள் என்று நாம் மகிழ்ந்தோம்.